304-க்கு இரண்டு தகைவு வரிசைகள்: ஷெல்லுக்கு எது, ஃபிளேஞ்சுக்கு எது?

அழுத்தப் பாத்திரங்களுக்கான அமெரிக்க விதிமுறையான ஏ.எஸ்.எம்.இ. கோடின் இரண்டாம் பிரிவு, டி பகுதியில் 304 துருப்பிடிக்காத எஃகுத் தகட்டைத் தேடினால் ஒரே பொருளுக்கு அனுமதித் தகைவு (வடிவமைப்பில் ஒரு அலகுப் பரப்பில் விடக்கூடிய அதிகபட்ச விசை) இரண்டு வரிசைகளாக இருக்கும். அறை வெப்பநிலையில் இரண்டுமே 138 மெகாபாஸ்கல்தான். 204 டிகிரி செல்சியஸில் ஒன்று 126, மற்றது 95. பெரிய எண்ணின் பக்கத்தில் ஜி5 என்றொரு குறிப்பு இருக்கும். அதைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம்.

சூடேறும்போது 304-இன் யீல்டு, அதாவது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு, வேகமாக இறங்குகிறது. அறையில் 205 இருந்தது 204 டிகிரியில் சுமார் 143 ஆகிவிடும். தாழ்ந்த வரிசை எந்தச் சூட்டிலும் யீல்டின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாது. 95 வருவது அப்படித்தான். உயர்ந்த வரிசை 90 சதவீதம் வரை போகலாம். 126 என்பது ஏறக்குறைய 88 சதவீதம்.

அவ்வளவு தூரம் போக விடுவது ஏன்? 304 போன்ற ஆஸ்டெனிட்டிக் எஃகுக்குக் கூர்மையான யீல்டு புள்ளி கிடையாது. இழுக்க இழுக்க இறுகும், நன்றாக நீளும், உடைவதற்கு இன்னும் நிறைய இடம் இருக்கும். ஆக, உயர்ந்த வரிசையால் பாத்திரம் வெடித்துவிடாது. கொஞ்சம் நிரந்தரமாக உருமாறலாம், அவ்வளவுதான். அந்தக் 'கொஞ்சம்' எங்கே நடக்கிறது என்பதுதான் விஷயம்.

முதலில் ஷெல், அதாவது பாத்திரத்தின் உருளை உடல். உள் ஆரம் 500 மி.மீ., அழுத்தம் 2 மெகாபாஸ்கல், வெல்டு திறன் 1 (வெல்டும் தகட்டளவு பலம்) என்று வைத்துக்கொள்வோம். உயர்ந்த வரிசையில் சுமார் 8 மி.மீ. தடிமன் போதும், தாழ்ந்ததில் 10.7 வேண்டும். மூன்றில் ஒரு பங்கு எஃகு கூடுதல், வெல்டிங்கும் அதற்கேற்பக் கூடும். வெறும் உருளை ஒரு மி.மீ. விரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே தாழ்ந்த வரிசையைப் பிடிவாதமாகப் போடுவது, என்னைக் கேட்டால், பயத்துக்குக் கொடுக்கும் விலை.

ஃபிளேஞ்ச், அதாவது நடுவில் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) வைத்து போல்ட்டால் இறுக்கும் வளையம், அதன் கதை வேறு. அதே கோடின் எட்டாம் பிரிவின் இரண்டாம் பின்னிணைப்பு, ஹப்பின் (ஃபிளேஞ்ச் உடலோடு சேரும் கழுத்தின்) நீளவாக்குத் தகைவை அனுமதித் தகைவின் ஒன்றரை மடங்கு வரை விடுகிறது. தாழ்ந்த வரிசையில் அது சரியாக யீல்டில் போய் நிற்கும். உயர்ந்த வரிசையைப் போட்டால் யீல்டின் 1.35 மடங்கு வரை போகலாம். கணக்கு பாஸாகும், ஆனால் ஹப் வளைந்து, முகம் திரும்பி, கேஸ்கெட்டின் ஒரு விளிம்பில் பிடி தளரும். ஜி5 குறிப்பும், கேஸ்கெட் போட்ட ஃபிளேஞ்சுக்கும், சிறு உருமாற்றமே கசிவையோ செயலிழப்பையோ தரும் மற்ற இடங்களுக்கும் இந்த மதிப்புகளைப் பரிந்துரைப்பதில்லை என்கிறது. வெப்பப் பரிமாற்றியில் குழாய்களின் முனைகளைப் பிடிக்கும் டியூப் ஷீட்டையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். தாழ்ந்த வரிசை போட்டதாலேயே ஃபிளேஞ்ச் கசியாது என்றும் இல்லை. ஃபிளேஞ்ச் எவ்வளவு திரும்பும் என்று பார்க்கும் விறைப்புச் சோதனை தகைவைப் பார்ப்பதில்லை, மீள்தன்மைக் குணகத்தைப் பார்க்கிறது. அதைத் தனியாகப் போட்டாக வேண்டும்.

ஆகவே முழுப் பாத்திரத்துக்கும் ஒரே வரிசை என்ற கேள்வியே தப்பு. ஷெல், ஹெட் (முனை மூடி), நாசில் (இணைப்புக் குழாய்) கழுத்துக்கு உயர்ந்தது. தனியாக வடிவமைக்கும் ஃபிளேஞ்சுக்கும் டியூப் ஷீட்டுக்கும் தாழ்ந்தது. பி16.5 தரநிலைப்படி செய்த ஆயத்த ஃபிளேஞ்ச் வாங்கிப் போட்டால் அதன் அழுத்த மதிப்பீட்டு அட்டவணையே போதும், இந்த விவாதம் அங்கே இல்லை. டிசைன் வெப்பநிலை 40 டிகிரிதான் என்றாலும் இல்லை. 600 டிகிரியை நெருங்கும்போது ஊர்தல் (சூட்டில் மெல்ல மெல்ல நீள்வது) முந்திக்கொள்வதால் இரண்டு வரிசைகளும் ஒன்றாகிவிடுகின்றன.

அப்புறம் ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் நிரப்பிச் செய்யும் அழுத்தச் சோதனை. சோதனை அழுத்தத்துக்கான தகைவு விகிதத்தில் (சோதனைச் சூட்டின் அனுமதித் தகைவை வடிவமைப்புச் சூட்டின் தகைவால் வகுத்தது) இருப்பதிலேயே குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். தாழ்ந்த வரிசைக்கு 138/95, அதாவது 1.45, உயர்ந்ததற்கு சுமார் 1.1. இரண்டும் கலந்த பாத்திரத்தில் ஷெல்லின் 1.1 தான் ஜெயிக்கும். அதனால் ஃபிளேஞ்ச் தன் கணக்குப்படி தாங்கக்கூடியதைவிடக் குறைவாகவே சோதிக்கப்படுகிறது, அதுவும் யீல்டு 205 இருக்கும் குளிர்ந்த நிலையில். அங்கே ஒரு சொட்டும் கசியாததை வைத்து, 204 டிகிரியில் அந்தக் கேஸ்கெட் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.