கல்லில் காபனேற்று அளக்கும் பெட்டி: சிறிஞ்சுக்காக வாங்கலாம்

உயர்தர இரசாயனப் பிள்ளைகளுக்காக வவுனியாக் கடையொன்றில் சொல்லி எடுப்பித்த பெட்டி இது. கல்லில் அமிலம் பட்டதும் வரும் காபனீரொட்சைட்டை அளந்து, அதில் எவ்வளவு காபனேற்று இருக்கு என்று கணிக்கத்தான் இது. கூம்புக் குடுவை, றப்பர் அடைப்பான், 100 மில்லிலீற்றர் வாயுச் சிறிஞ்சு, ஐதரோக்குளோரிக் அமிலம், சோடியம் ஐதரொட்சைட்டு, காரத்தில் இளஞ்சிவப்பாகும் பினோத்தலீன், திரவத்தைத் துளித்துளியாக விட்டு அளக்கும் பிளாஸ்டிக் அளவி, 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு எல்லாம் உள்ளே இருக்கு. கண்ணுக்குப் போடும் கண்ணாடி மட்டும் இல்லை. அமிலம் வைத்து விற்கிற பெட்டிக்கு இது பெரிய குறை.

கூட வரும் தாளை நம்ப வேண்டாம். 1 கிராம் கல் எடுக்கச் சொல்கிறது. தூய கல்சியம் காபனேற்று 1 கிராமில் ஏறக்குறைய 240 மில்லிலீற்றர் காபனீரொட்சைட்டு வரும், அது 100 மில்லிலீற்றர் சிறிஞ்சுக்குள் எப்படி நிற்கும், தண்டு பறந்துபோய்ப் பின்வாங்கில்தான் விழும். 0.3 கிராம் போதும், 70 சொச்சம் வரும். ஆனால் அவ்வளவு சின்ன நிறையில் தராசு 0.01 பிசகினாலே விடை மூன்று வீதம் மாறிவிடும், அதைப் பிள்ளைகளுக்கு முதலே சொல்லிவிடுங்கள்.

சிறிஞ்சு உண்மையிலேயே நல்ல சாமான், இறுக்கமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. அமிலத்தைச் சின்னக் குழாயில் விட்டுக் குடுவைக்குள் நிறுத்தி, அடைப்பானைப் போட்ட பிறகு சரித்தால் வாயு வெளியே போகாது. கொஞ்ச வாயு தண்ணீரில் கரையும் என்பதால் முதலில் தூய கல்சியம் காபனேற்றில் செய்து பார்த்து, அந்த அளவோடு கல்லை ஒப்பிடுவதுதான் சரி. முல்லைத்தீவுக் கடற்கரைச் சிப்பித்தூள் தூயதற்குக் கிட்டவே வந்தது, மன்னார்ப் பக்கத்துச் சுண்ணக்கல் அதைவிடக் குறைவு, வவுனியாக் கருங்கல் தூளில் காபனேற்று இல்லாததால் தண்டு அசையவே இல்லை. ‘சேர், அமிலம் பழுதோ?’ என்று ஒரு பிள்ளை கேட்டது, அந்தக் கேள்விக்காகவே கருங்கல்லையும் சேர்த்துச் செய்யலாம்.

நியமிப்புப் பகுதிதான், அதாவது கல்லோடு தாக்கமடையாமல் மிஞ்சிய அமிலத்தைச் சோடியம் ஐதரொட்சைட்டு விட்டு அளக்கிற பகுதிதான், சொதப்பல். அளவியின் திருகு ஒழுகுகிறது, போத்தலில் 1 மோலார் என்று ஒட்டியிருக்கிற அமிலம் சோடியம் காபனேற்றோடு சரிபார்த்தால் அதைவிட ஐதாக இருந்தது. மிஞ்சிய அமிலத்தை அளக்க முன் குடுவையைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் காபனீரொட்சைட்டை வெளியேற்றாவிட்டால் பினோத்தலீனின் இளஞ்சிவப்பு நிற்காமல் மங்கிப்போகும், தாளில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

முழுப்பெட்டி விலை கொஞ்சம் உறைக்கும். கேட்டால் சிறிஞ்சையும் குடுவையையும் தனியாகவும் தருகிறார்கள், கண்ணாடி அளவி ஏற்கெனவே இருக்கிற பள்ளிக்கூடங்கள் அப்படி வாங்கினால் போதும்.