மானியமா, கட்டணமா, கொள்முதலா: நகரத்தில் பசுமைத் தொழில்நுட்பம் எதனால் வளரும்?

நகரத்துக்குப் புதிய பசுமைத் தொழில்நுட்பம் வர அரசு நான்கு வழிகளில் காசைத் திருப்பிவிடலாம்: வாங்குபவருக்கு மானியம், ஆராய்ச்சிக்கு வரிச்சலுகை, மாசுக்குக் கட்டணம், அரசே செய்யும் கொள்முதல். எதை அளந்து காசு கொடுக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது.

மானியம் விற்பனையைச் சட்டென்று ஏற்றும். ஆனால் வண்டிக் கணக்கில் கொடுத்தால் வண்டிதான் பெருகும், தரம் பெருகாது. சீனாவில் மின்பேருந்து மானியத்தைப் பொய்க்கணக்கு காட்டி வாங்கியவர்கள் 2016-இல் பிடிபட்டார்கள். அதன்பின் வணிக வண்டிகள் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகே பணம் என்று விதி வந்தது. ஸ்பெயினில் நடந்தது வேறு. சூரிய மின்சாரத்துக்கு 2007-இல் நல்ல விலை அறிவித்தார்கள். 2008 செப்டம்பரோடு அது முடிகிறது என்று தெரிந்ததும் கைக்குக் கிடைத்த பலகைகளையெல்லாம் அவசரமாகப் பொருத்தினார்கள். இலக்கு 400 மெகாவாட் அளவுதான்; பொருத்தியதோ 2,000 மெகாவாட்டைத் தாண்டியது. மறு ஆண்டே சந்தை படுத்துவிட்டது. இப்படி ஏறி இறங்கும் சந்தையை நம்பி யாரும் ஆராய்ச்சிக்கூடம் கட்ட மாட்டார்கள்.

வரிச்சலுகையில் பெரிய ஓட்டை ஒன்று: லாபமே காணாத இளம் நிறுவனத்துக்கு வரியும் இல்லை, சலுகையும் இல்லை. நார்வேயில் 2002-இல் வந்த திட்டம்போல, கட்ட வேண்டிய வரி போதாவிட்டால் மிச்சத்தை ரொக்கமாகக் கொடுத்தால்தான் அவர்களுக்குப் பயன்.

மாசுக் கட்டணத்துக்கு நல்ல முன்மாதிரி ஸ்வீடன். 1992 முதல் பெரிய கொதிகலன்கள் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுக்குக் கிலோவுக்கு 40 குரோனர் வசூலித்தார்கள். வசூலான தொகையை, நிர்வாகச் செலவு போக, அவரவர் உற்பத்தி செய்த ஆற்றலின் விகிதத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே அளவு ஆற்றல் தரும் இரண்டு ஆலைகள். ஒன்று 60 டன் வெளியிடுகிறது, மற்றது 100 டன். கட்டணம் முறையே 24 லட்சம், 40 லட்சம் குரோனர். நிர்வாகச் செலவை விட்டுவிட்டால், மொத்தம் 64 லட்சத்தில் ஆளுக்குப் பாதியாகத் திரும்பி வருவது 32 லட்சம். சுத்தமான ஆலைக்கு 8 லட்சம் மிச்சம், மற்றதற்கு அதே 8 லட்சம் நஷ்டம். புகைபோக்கியில் தொடர்ந்து அளக்கும் கருவி இருந்ததால், எரிப்புக்கு விடும் காற்றைச் சற்றே மாற்றினாலும், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க அம்மோனியா செலுத்தினாலும் பலன் உடனே எண்ணில் தெரிந்தது. சின்னச் சின்னத் திருத்தங்கள் பல அப்படிப் பிறந்தவை.

இதிலும் குறை உண்டு. அளவுக் கருவி விலை அதிகம் என்பதால் சிறிய ஆலைகளுக்கு ஒத்துவராது. போட்டியாளர் சுத்தமானால் நமக்குத் திரும்பி வரும் தொகை குறையும் என்பதால், கண்ட நுட்பத்தைப் பகிர்ந்துகொள்ளத் தயக்கமும் வரும்.

கொள்முதல்தான் நகர நிர்வாகத்தின் கைக்கு மிக அருகில் இருப்பது. சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவுக்குள் தன் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றியது. அவ்வளவு பெரிய ஆர்டர் உறுதி என்றால் தயாரிப்பாளர் புது வடிவமைப்பில் துணிந்து முதல் போடுவார். ஆனால் மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே டெண்டர் என்றால் பழைய சரக்குதான் வரும். வாங்கும் விலையோடு மின்செலவு, பராமரிப்பு, பேட்டரி மாற்றும் செலவு எல்லாவற்றையும் சேர்த்து ஆயுட்காலச் செலவில் ஒப்பிட வேண்டும். ‘இன்ன வகை பேட்டரி’ என்று கேட்பதைவிட ‘எட்டாம் ஆண்டிலும் இத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும்’ என்று கேட்பது நல்லது.

என் தேர்வு கொள்முதலும் கட்டணமும். மானியம் கொடுத்தே ஆகவேண்டுமானால் ஓடிய கிலோமீட்டருக்குக் கொடுங்கள். ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு குறையும் என்பதையும் முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.