உப்புக்காற்றில் இரண்டு ஆண்டுகள்: சிக்கனமாகக் கட்டிய ஒரு கேமிங் கணினி

என் அக்கா மகனுக்காக 2024 மார்ச் மாதம் இராமநாதபுரம் அரண்மனைப் பகுதியிலுள்ள ஒரு சிறிய கடையில் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து அசெம்பிள் செய்து வாங்கிய கேமிங் கணினி, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக மண்டபம் என்னும் கடலோர ஊரில் எங்கள் வீட்டில் நாள் தவறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மதுரையிலும் கோயம்புத்தூரிலும் இருப்பவர்கள் எழுதும் மதிப்பீடுகளைப் படித்துவிட்டு எங்கள் கரையில் கணினி வாங்குகிறவர்களுக்கு வேண்டிய இரண்டு விவரங்கள் அவற்றில் கிடைப்பதில்லை: உப்புக்காற்று ஒன்று, நிலையில்லாத மின்சாரம் மற்றொன்று. அவ்விரண்டையும் கணக்கில் கொண்டே இந்தக் கணினியைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில், இதற்கு முன் இருந்த கணினி எப்படிப் போனது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிற்கு வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். வாடைக்காற்று வீசினாலும் கச்சான் காற்று வீசினாலும் உப்பு வீட்டுக்குள் வராமல் இருப்பதில்லை. கேபினெட்டோடு சேர்த்தே கொடுக்கப்பட்ட, பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) பொருத்திய அந்தப் பழைய கணினியைச் சன்னலோரம் வைத்திருந்தோம். நான்காம் ஆண்டில் பின்புற யுஎஸ்பி துளைகளில் பச்சைப் படலம் படர்ந்தது. எஸ்எம்பிஎஸ் விசிறி இறுகிச் சுற்ற மறுத்தது. ஒரு மாலை, நின்றிருந்த மின்சாரம் திரும்பி வந்த நொடியில் எஸ்எம்பிஎஸ் எரிந்து, மதர்போர்டையும் (பாகங்களெல்லாம் பொருந்தும் தாய்ப்பலகை) தன்னோடு கொண்டுபோயிற்று. உள்ளே திறந்து பார்த்தபோது நசநசவென்று எண்ணெய் பூசியதுபோல் இருந்த அந்தத் தூசிப் படலத்தை நான் இன்றும் மறக்கவில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு ஈரத்தை இழுத்துத் தானே நீராகிவிடும். எங்கள் ஊரில் பெரும்பாலான இரவுகள் அப்படிப்பட்டவைதாம். சர்க்யூட்டின் மேல் படிந்த உப்புத்தூசி இவ்வாறு உப்புநீரானால், மின்சாரம் போகக்கூடாத இடத்தில் போகவும், செம்பும் இரும்பும் அரிக்கவும் அதுவே வழி செய்கிறது.

புதுக் கணினி என்று பேச்சு வந்ததும் அக்கா மகன் காட்டியது, இணையத்தில் ஒரு விற்பனையாளர் விளம்பரப்படுத்தியிருந்த செட்: இன்டெல் ஐ7 பிராசசர் (கணினியின் மூளை), 16 ஜிபி ரேம் (ஓடும் வேலைக்கான நினைவகம்), 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு (விளையாட்டின் காட்சிகளை வரையும் தனிப் பாகம்), வண்ண விளக்குகள், விலையோ எங்கள் கையிருப்புக்குள். ஆனால் ஐ7 என்ற பெயர் 2008 முதல் இருந்து வருகிறது. விவரத்தைத் துருவிக் கேட்டபோது, அது 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐ7 என்றும், கிராபிக்ஸ் கார்டு 2014-இல் வந்த ஜிடி 730 என்றும் தெரிந்தது. அந்தக் கார்டில் 4 ஜிபி நினைவகம் இருந்தாலும், அதை நிரப்பிப் பயன்படுத்தும் வேகம் அதன் சிப்பில் இல்லை. இன்டெல் பிராசசர்களில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கடன் வாங்கிப் பிள்ளைக்குக் கணினி வாங்கித் தரும் குடும்பங்களிடம் தலைமுறை எண்ணை மறைத்து இப்படிப்பட்ட செட்டை விற்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. ஐ5, ஐ7 என்பதைப் பார்ப்பதற்கு முன், அதைத் தொடர்ந்து வரும் மாதிரி எண்ணை முழுமையாக எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள்.

எங்கள் திட்டம் இரண்டு தவணைகளாக வாங்குவது. அக்காவின் கணவர் விசைப்படகுத் தொழிலில் இருப்பவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் வருமானம் நின்றுவிடும் என்பதால், மொத்தப் பணத்தையும் ஒரே நேரத்தில் போட இயலாது. ஆகவே, கிராபிக்ஸ் கார்டு இல்லாமலேயே விளையாடத் தொடங்கி, பின்னர் கார்டைச் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஒரு பிராசசரைத் தேடினோம். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி அந்தத் தேவைக்குச் சரியாகப் பொருந்தியது. 2021-இல் வந்த இதில் 6 கோர்களும் (ஒரே நேரத்தில் வேலை செய்யும் கூறுகள்), கார்டு இல்லாமலே ஓரளவு விளையாடக்கூடிய வேகா என்னும் உள்ளமைந்த கிராபிக்ஸும் உள்ளன; குளிரூட்டும் விசிறியும் பெட்டிக்குள்ளேயே வருகிறது. இன்டெல் ஐ3 12100எஃப் விலை குறைவு, நல்ல பிராசசர்தான். ஆனால் எஃப் என்ற எழுத்து உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்பதைக் குறிப்பதால், கார்டு வாங்கும் வரை திரையில் ஒன்றும் தெரியாது. 2024 தொடக்கத்தில் வந்த ரைசன் 5 8600ஜி இதைவிட வேகமானது என்றாலும், அதற்கு வேண்டிய புதிய வகை மதர்போர்டும் டிடிஆர்5 ரேமும் எங்கள் கணக்கை மீறின.

நாங்கள் கொடுத்த விலைகளைச் சொல்கிறேன். பிராசசர் 12,000 ரூபாய், பி450 மதர்போர்டு 6,000, இரண்டு 8 ஜிபி ரேம் தகடுகள் சேர்த்து 3,500, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் வேகமான சேமிப்பகம்) 3,000, 550 வாட் 80 பிளஸ் வெண்கலத் (Bronze) தரச்சான்று பெற்ற எஸ்எம்பிஎஸ் 4,300, கேபினெட் 2,700, 1000 விஏ யுபிஎஸ் (மின்சாரம் நின்றால் சற்று நேரம் பேட்டரியில் ஓட்டும் கருவி) 5,200, 24 அங்குல மானிட்டர் 8,300. கீபோர்டும் மவுஸும் சேர்த்து 46,000 ரூபாய் ஆயிற்று. விண்டோஸ் உரிமத்துக்குத் தனியாகக் கொடுத்தோம். இவற்றில் ரேமின் விலையை இன்று நம்பி யாரும் கடைக்குப் போக வேண்டாம். நினைவகச் சிப் செய்யும் நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களின் பக்கம் திரும்பியதால், 2025-இன் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது.

ரேமை ஒரே 16 ஜிபி தகடாக வாங்காமல் இரண்டாக வாங்கியதற்குக் காரணம் உண்டு. 5600ஜியின் கிராபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் இந்த ரேமையே பங்கிட்டுக்கொள்கிறது. இரண்டு தகடுகள் இருந்தால் இரண்டு வழிகளில் தரவு ஓடும், ஒன்று இருந்தால் பாதைகளில் ஒன்று வெறுமையாகவே கிடக்கும். விளையாட்டில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

கார்டு இல்லாத முதல் பத்து மாதங்களில், வாலரன்ட் விளையாட்டு 1080பி அளவில் (திரைக்காட்சியின் தெளிவளவு) குறைந்த அமைப்புகளில் நொடிக்கு நூறு பிரேமுக்கு (படச்சட்டத்துக்கு) மேல் தங்குதடையின்றி ஓடியது. ஜிடிஏ 5 சாதாரண அமைப்புகளில் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் நின்றது. கவுன்டர் ஸ்டிரைக் 2 புகைக்குண்டுகள் வெடிக்கும் இடங்களில் தடுமாறியது. சைபர்பங்க் 2077-ஐ 720பி அளவுக்கு இறக்கியும் முகம் சுளிக்காமல் ஆட முடியவில்லை. பள்ளிப் பிள்ளை நண்பர்களோடு ஆடும் விளையாட்டுகளுக்கு இது போதும் என்பதே என் தீர்ப்பு.

கடையைப் பற்றிச் சொல்ல நல்லதும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதித் தந்தார்கள். எங்கள் கண்முன்னே பெட்டிகளைப் பிரித்துப் பொருத்தினார்கள். மூன்று மணி நேரம் ஓடவிட்டு வெப்பநிலையைக் காட்டிய பிறகே கையில் கொடுத்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தபோது 3200 வேக ரேம் 2666-இல் ஓடிக்கொண்டிருந்தது. மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை அவர்கள் இயக்கியிருக்கவில்லை. விண்டோஸ் 11-இல் வாலரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டு பாதுகாப்பு அமைப்புகளும் இயக்கத்தில் இருக்க வேண்டும். அவையும் அணைந்தே கிடந்ததால், முதல் நாள் மாலை விளையாட்டு திறக்காமல் பையன் முகம் வாடிப்போனான். தொலைபேசியில் அழைத்ததும் கடைக்காரர் பொறுமையாக வழி சொன்னார், அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாயிற்று. கேமிங்குக்கு என்று சொல்லி விற்கும் கணினியில் இந்த மூன்று அமைப்புகளையும் சரிபார்ப்பது கடையின் வேலை என்பதை அடுத்த முறை நேரில் சென்று சொன்னேன்.

2025 சனவரியில் ஆர்எக்ஸ் 6600 கார்டை 21,000 ரூபாய்க்கு வாங்கினோம். விலை குறைந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியைக் கடைக்காரர் முதலில் பரிந்துரைத்தார். அந்தக் கார்டு மதர்போர்டோடு நான்கு தடங்களில் மட்டுமே பேசுகிறது. எங்கள் போர்டும் பிராசசரும் கார்டை இணைக்கும் தடங்களுக்கான பழைய பிசிஐஇ 3.0 தரத்தவை என்பதால் அந்த நான்கு தடங்களின் வேகமும் பாதியாகிவிடும், அதன் 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் ஆட்டம் திக்கித் திணறும். ஆர்எக்ஸ் 6600-இல் எட்டுத் தடங்களும் 8 ஜிபி நினைவகமும் உள்ளன, 132 வாட்டே இழுக்கிறது, நாங்கள் முதலிலேயே வாங்கி வைத்த எஸ்எம்பிஎஸ் அதற்குத் தாராளம். இப்போது சைபர்பங்க் 1080பி அளவில் உயர் அமைப்புகளில் அறுபதை ஒட்டி ஓடுகிறது. மானிட்டர் வயரை மதர்போர்டிலிருந்து கழற்றிக் கார்டில் செருக மறந்து ஒரு நாள் முழுதும் மாற்றமே தெரியவில்லை என்று பையன் கலங்கியதை, கார்டு வாங்குகிற எல்லோருக்கும் முன்னெச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறேன்.

யுபிஎஸ் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுக்கே தாங்கும். கார்டு முழுவேகத்தில் ஓடும்போது கணினியும் மானிட்டரும் சேர்ந்து முந்நூறு வாட்டை நெருங்கும் என்பதால், பேட்டரி சற்றுப் பழசானதும் மின்சாரம் போகும் நொடியிலேயே எல்லாம் அணைந்துவிடும். 1000 விஏ வாங்கியதால், ஆட்டத்தைச் சேமித்து முறைப்படி அணைக்க நிதானமாக நேரம் கிடைக்கிறது. அதோடு, எலக்ட்ரீசியனை வரவழைத்து எர்த்தையும் சோதித்தோம். மணற்பாங்கான எங்கள் மண்ணில் கோடையில் எர்த் குழி காய்ந்து, கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும் வீடுகள் பல உண்டு.

உப்புக்கு எதிராகச் செய்தவை செலவில்லாதவை. கணினியைச் சன்னலோரத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றினோம். முன்புறம் சல்லடைத் தகடும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் உள்ள கேபினெட்டையே வாங்கினோம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, விசிறிகள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, புளோயரால் தூசியை வெளியேற்றுகிறோம். பயன்படாத துளைகளை ரப்பர் மூடிகளால் அடைத்திருக்கிறோம். நாள்தோறும் ஓடுகிற கணினி உள்ளே சற்றுச் சூடாக இருப்பதால் ஈரம் தங்குவதில்லை. விடுமுறைக்கு வெளியூர் சென்று மாதக்கணக்கில் அணைத்துப் போடுவதுதான் அதற்குக் கேடு. துருவால் வரும் பழுதை வாரண்டி பெரும்பாலும் ஏற்காது என்பதால், இந்தக் கவனத்தைத் தவிர வேறு காப்பு நமக்கில்லை.

மீண்டும் வாங்குவதாக இருந்தால் ஒரே ஒரு மாற்றம் செய்வேன்: 500 ஜிபிக்குப் பதிலாக 1 டிபி எஸ்எஸ்டி வாங்குவேன். பெரிய விளையாட்டு ஒவ்வொன்றும் நூறு ஜிபி கேட்கும் நாளில், ஒன்றை ஏற்றுவதற்கு மற்றொன்றை அழிக்க வேண்டியிருக்கிறது. சென்ற வாரம் கேபினெட்டைத் திறந்தபோது மதர்போர்டின் முனைகளில் பச்சை தெரியவில்லை. பின்புறத் திருகுகள் நான்கில் மட்டும் துரு ஏறியிருந்தது, மாற்றிவிட்டு வாசலின் தடவினோம்.