பழைய அவுட்போர்டை எதில் ஓட்டிப் பார்ப்பது: ஹோஸா, டிரம்மா, படகா?

அவுட்போர்டு என்றால் படகின் பின்பக்கம் மாட்டும் மோட்டார். எங்களுடையது பல வருடம் மூலையில் கிடந்த இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக். அப்பாவும் நானும் அதைப் பிரித்து, கார்புரேட்டரில் பிசினாக இறுகியிருந்த பழைய பெட்ரோலைக் கழுவி, ஸ்பார்க்கைத் தூண்டும் பாயின்ட்டைத் தேய்த்து, எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் பம்புக்குப் புது இம்பெல்லர் (சுழலும் ரப்பர் சக்கரம்) போட்டோம். இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஏறக்குறைய ஒரே அளவு. ஸ்பார்க்கும் பளிச்சென்று அடித்தது. அதுவரை ஒற்றுமையாகத்தான் இருந்தோம். எதில் ஓட்டிப் பார்ப்பது என்று வந்ததும் ஆளுக்கொரு பக்கம். எனக்கு ஹோஸ், அப்பாவுக்கு நேராகப் படகு.

தண்ணீர் இல்லாமல் ஓட்டக்கூடாது என்பதில் மட்டும் சண்டை இல்லை. இம்பெல்லரின் ரப்பர் இதழ்களுக்குத் தண்ணீர்தான் மசகு. காய்ந்து சுற்றினால் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும்.

ஹோஸ் என்றால், தண்ணீர் உறிஞ்சும் துளைகளின் மேல் இரண்டு ரப்பர் கிண்ணங்களைக் கவ்வவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவது. சுலபம், ஐந்து நிமிட வேலை. ஆனால் பழைய சின்ன மோட்டார்கள் பலவற்றில் துளை இருக்கும் இடத்தில் கிண்ணம் உட்காராது. உட்கார்ந்தாலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு: குழாயின் அழுத்தமே தண்ணீரை மேலே தள்ளிவிடும். பம்ப் சோம்பேறியாக இருந்தாலும், தண்ணீர் சுற்றுகிறது என்று காட்டும் தாரை பின்பக்கம் பீச்சும், நாமும் ஏமாந்துவிடுவோம். சுமையே இல்லாததால் த்ராட்டிலைத் திருகவும் கூடாது, வேகம் கட்டுக்கடங்காமல் ஏறிவிடும். ஓடி முடித்த மோட்டாரின் உப்பைக் கழுவ இதைவிட நல்ல வழி இல்லை. முதல் ஸ்டார்ட்டுக்கு வேண்டாம்.

டிரம் என்றால், தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரின் அடிப்பகுதியை இறக்கி ஓட்டுவது. அழுக்கான வேலை. மோட்டாரின் எடையைத் தாங்கும் பலகையை முதலில் உறுதியாகக் கட்ட வேண்டும். தண்ணீர் புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையும் தாண்டி நிற்க வேண்டும். ஆனால் இங்கே பம்ப் தானே உறிஞ்சியாக வேண்டும், குழாய் வந்து தாங்காது. தாரை வந்தால் அது பம்பின் உழைப்பு. அதற்காகவே நான் கட்சி மாறினேன். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு நியூட்ரலில் ஓட்டினோம். கயிற்றை ஒன்பதாவது முறை இழுத்தபோது பிடித்துக்கொண்டது. "கையை வை, சூடு ஏறுதா பாரு" என்றார் அப்பா. சிலிண்டர் ஹெட்டில் விரல் வைக்க முடிந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வெந்நீராகி, எண்ணெய்ப் படலமும் நுரையுமாகப் பொங்கியது. புகைக் குமிழி கலந்த தண்ணீரைப் பம்ப் இழுத்தால் தாரை விட்டுவிட்டு வரும். பத்து நிமிடம் போதும். திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள், அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

சரி, படகு? முதல் ஸ்டார்ட்டுக்கு மோசமான இடம். கரையில் ஸ்க்ரூட்ரைவர் விழுந்தால் குனிந்து எடுக்கலாம். ஆனால் சுமை என்ற ஒன்று படகில்தான் உண்டு. கியர் நழுவுகிறதா, ஸ்பார்க் பிளக் முனை என்ன நிறத்துக்கு வருகிறது என்பதை டிரம் காட்டாது. முதலில் படகைக் கரையில் இறுக்கிக் கட்டி, கியர் போட்டு மெதுவாக ஓட்டிப் பார்ப்பது நல்ல நடுவழி.

என் வரிசை: டிரம், கட்டிய படகு, பிறகு திறந்த தண்ணீர். டிரம்மில் தையல் மிஷின் மாதிரி ஓடிய எங்கள் மோட்டார், தண்ணீரில் முழு த்ராட்டில் கொடுத்ததும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. ஐடிலில் ஓடுகிறது, வேகத்தில் சாகிறது என்றால் பெரும்பாலும் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். கார்புரேட்டரில் வேகத்துக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான மெயின் ஜெட்டில், நான் கழுவாமல் விட்ட ஒரு துணுக்கு.

"தண்ணியிலதான் தெரியும்னு அப்பவே சொன்னேன்ல" என்றார் அப்பா, துடுப்பை என் பக்கம் நீட்டிக்கொண்டே.