தம்பியின் கண் உயரத்தில் கோணேசர் மலை: 2 வருட வி.ஆர். அனுபவம்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கு வி.ஆர். கண்ணாடி (போட்டால் படத்துக்குள்ளேயே இருப்பதுபோல் காட்டும் மெய்நிகர் கண்ணாடி) வந்து 2 வருடம். தம்பிக்கு முதுகுத்தண்டில் அடிபட்டதால் நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலியில் பிரட்றிக் கோட்டை மான்கள் வரை போய்விடலாம். கோணேசர் கோயில் ஏற்றமும் படிகளும்தான் கஷ்டம். அதனால் சுற்றிவர எல்லாப் பக்கமும் பிடிக்கும் நண்பரின் 360 பாகைக் கமராவை இரவல் வாங்கி, கோயிலருகே பாறை பிளந்து நிற்கும் இராவணன் வெட்டுப் பக்கம் நாங்களே படம் பிடித்தோம்.

முதல் பதிவு சரிவரவில்லை. கமராவை நிற்கிற ஆளின் உயரத்தில் வைத்துவிட்டோம். போட்டுப் பார்த்த தம்பி, "அக்கா, நான் அந்தரத்தில தொங்குறன்" என்றான். நாற்காலியில் இருக்கும்போது அவன் கண் தரையிலிருந்து 4 அடி. அடுத்த முறை முக்காலியை அந்த அளவுக்கு இறக்கினோம். நடந்துகொண்டே எடுத்ததையும் விட்டுவிட்டோம். கண்ணுக்கு நகர்வது போலத் தெரிகிறது, உடம்பின் அசைவை உணரும் உள்காதுக்கோ அசைவே இல்லை; அந்த முரண்தான் தலைசுற்றலும் குமட்டலும் தருகிறது.

கடற்காற்றுக்கு மேசை ஃபேன் போதும். படத்தில் கடல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மனம் ஒத்துக்கொள்ளாது. அடிபட்ட இடத்துக்குக் கீழே இவனுக்கு வியர்க்காது, உடம்பு சீக்கிரம் சூடேறும். அதற்கும் ஃபேன் உதவி. கோயில் மணத்துக்குக் கற்பூரம் ஏற்றினோம், இருமல் வந்தது. வயிற்றுத் தசை வேலை செய்யாதவர்களுக்கு இருமிச் சளியை வெளியேற்றுவதே பெரிய பாடு. இப்போது கைநிறைய மல்லிகைப்பூ கொடுக்கிறேன்.

கன்னியா வெந்நீரூற்றின் 7 கிணறுகளையும் எடுத்து வந்தபோது, இளஞ்சூட்டுத் தண்ணீரை அவன் கைகளில் மட்டுமே ஊற்றினேன். இதைச் செய்து பார்க்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: உணர்வில்லாத காலில் சூடு வைக்காதீர்கள். தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

கண்ணாடியின் அரைக் கிலோ பாரம் முன்பக்கமே இழுக்கும். பின்பட்டியில் சின்னப் பவர் பாங்க் ஒன்றைக் கட்டிய பிறகு கழுத்துவலி குறைந்தது.

என்னை அதிகம் பயமுறுத்தியது நேரம். படத்தில் லயித்து, உடம்பை மாற்றி உட்கார மறந்துவிடுவான். படுக்கைப்புண் வர அது போதும். வெளியிலிருந்து தோளைத் தட்டினால் திடுக்கிட்டுப் போவான். அப்புறம் ஒலிப்பதிவிலேயே 15 நிமிடத்துக்கு ஒருமுறை கோயில் மணியைச் சேர்த்தோம். இப்போது மணி கேட்டதும் கண்ணாடியோடே முன்னால் நன்றாகச் சாய்கிறான். சாய்ந்த இடத்தில் பாறைக்குக் கீழே கடல் தெரிகிறது. 2 நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.