ஸ்வம் 5: தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் மேன்ஹோல் இழப்பை நீங்கள்தான் போட வேண்டும்

பாதாள சாக்கடை, மழைநீர் வடிகால் டிசைன் செய்ய எந்த மென்பொருள் நல்லது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஸ்வம் 5 (SWMM) மென்பொருளைத்தான். 1971-இல் முதல் பதிப்பு வந்தது, இன்னும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள், காசு கிடையாது, சோர்ஸ் கோடு உட்பட எல்லாம் திறந்து கிடக்கிறது. டைனமிக் வேவ் முறையில் (ஓட்டத்தின் முழுச் சமன்பாட்டையும் தீர்க்கிற முறை) ஓட்டினால் கீழே அடைபட்ட தண்ணீர் மேல்நோக்கித் தேங்குவதையும், குழாய் நிரம்பி அழுத்தத்தில் ஓடுவதையும் பழைய லேப்டாப்பிலேயே பார்த்துவிடலாம்.

சரி, குறை எங்கே? ஏதாவது ஒரு குழாயை டபுள் கிளிக் செய்து பட்டியலில் கீழே போங்கள். எண்ட்ரி லாஸ் (குழாய்க்குள் நுழையும் இடத்து இழப்பு), எக்ஸிட் லாஸ் (வெளியேறும் இடத்து இழப்பு), ஆவரேஜ் லாஸ் (குழாய் நெடுகிலும் உள்ள இழப்பு) என்று இழப்புக் கெழுவுக்கு மூன்று கட்டங்கள், மூன்றிலும் பூஜ்ஜியம். அதைத் தொடாமல் ரன் கொடுத்தால், மேன்ஹோலுக்குள் தண்ணீர் செங்குத்தாகத் திரும்புவதும் பக்கக் குழாய்த் தண்ணீர் குறுக்கே வந்து மோதுவதும் ஒரு சொட்டு ஆற்றலும் போகாமல் நடந்ததாகக் கணக்கு வந்துவிடும்.

சின்ன விஷயம்தானே என்று விடாதீர்கள். இழப்பு, அதாவது தண்ணீர் இழக்கிற ஆற்றலை உயரமாகச் சொல்வது, கெழுவை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 2g-ஆல் (g என்பது புவியீர்ப்பு முடுக்கம்) வகுப்பது, அவ்வளவுதான். வேகம் வினாடிக்கு 1 மீட்டர், கெழு 1 என்றால் 5 செ.மீ. போகும். 500-க்கு 1 வாட்டத்தில் 30 மீட்டர் குழாய்க்கு நமக்குக் கிடைக்கிற மொத்த இறக்கமே 6 செ.மீ. சென்னை மாதிரித் தட்டையான ஊரில் ஒரே ஒரு திருப்பம் கிட்டத்தட்ட ஒரு முழு நீளக் குழாயின் வாட்டத்தைத் தின்றுவிடுகிறது! வேகம் 2 மீட்டர் ஆனால் 20 செ.மீ.

கெழுவுக்கு எங்கே போவது? முதல் கணக்குக்கு அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையின் எச்.இ.சி. 22 கையேடு போதும், நேராகப் போகிற மேன்ஹோலுக்கு 0.15, 90 பாகைத் திருப்பத்துக்கு 1.0 என்று தருகிறது. நான் இதை மேல்பக்கக் குழாயின் எக்ஸிட் கட்டத்தில் மட்டும் போடுவேன், அதே இழப்பை அடுத்த குழாயின் எண்ட்ரியிலும் போட்டால் இரண்டு தடவை கணக்காகிவிடும். அப்புறம் கைனமேட்டிக் வேவில் (தண்ணீர் மேல்நோக்கித் தேங்குவதைக் கணக்கில் எடுக்காத எளிய முறை) ஓட்டினால் நீங்கள் என்ன போட்டாலும் அது கண்டுகொள்ளாது, இதைப் பலர் கவனிப்பதில்லை.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறு. பக்கக் குழாய் சேரும் இடத்தில் கெழு ஒரே எண்ணாக நிற்பதில்லை, மொத்த ஓட்டத்தில் பக்கத்திலிருந்து வருவது எவ்வளவு, குழாய்களின் விட்டம் எவ்வளவு என்பதைப் பொறுத்து மாறும். மிசூரி பல்கலைக்கழகத்தில் 1958-லேயே சோதனை செய்து காட்டிவிட்டார்கள். ஸ்வமிலோ மழை ஏற ஏற அந்த விகிதம் மாறினாலும் நாம் போட்ட எண் அப்படியே நிற்கும். பெஞ்சிங் (மேன்ஹோலின் அடியில் தண்ணீர் ஓடும் சேனலின் இரண்டு பக்கமும் கட்டுகிற திட்டு) இருக்கிறதா என்பதும் ஸ்வமுக்குத் தெரியாது. பெஞ்சிங்கைப் பாதி உயரத்தோடு நிறுத்திய மேன்ஹோலை மழை நேரத்தில் திறந்து பாருங்கள், சேனலை விட்டு மேலே ஏறிய தண்ணீர் இரண்டு பக்கத் திட்டின் மேலும் சுழன்றுகொண்டே இருக்கும், வெளியே போகிற குழாயின் வாயில் நுரை கட்டி நிற்கும். அந்தச் சுழலில்தான் ஆற்றல் போகிறது. குழாய் உச்சி வரை பெஞ்சிங் எழுப்பியிருந்தால் இழப்பு கணிசமாகக் குறையும்.

காசு கொடுத்து வாங்குகிற ஸ்டார்ம்கேட் என்ற வடிகால் டிசைன் மென்பொருளில் எச்.இ.சி. 22 முறையைத் தேர்ந்தெடுத்தால் இழப்பைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும், அந்த ஒரு வசதிக்கு அது மேல். மற்றபடி என் ஓட்டு ஸ்வமுக்கே. இவ்வளவு செய்தவர்கள், இழப்புக் கெழு பூஜ்ஜியமாக இருக்கிற குழாய்கள் இத்தனை என்று ரிப்போர்ட்டில் ஒரு வரியையும் சேர்த்துவிட வேண்டும்.