டிரம் சுற்றுகிறது, சூடு மட்டும் இல்லை: எங்கள் ஊர் உதிரி பாகக் கடை பற்றி

அமெரிக்காவில் துணி காயவைக்கிற டிரையர் கெட்டுப்போனால் நம் ஆட்கள் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். ரிப்பேர் கம்பெனியைக் கூப்பிடுகிறார்கள், இல்லையென்றால் பழசைத் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்த தள்ளுபடியில் புதுசு வாங்கிவிடுகிறார்கள். மூன்றாவதாக உதிரி பாகக் கடை என்று ஒன்று இருக்கிறது, நியூ ஜெர்சியில் பத்து பதினைந்து வருடம் இருந்தவர்கள் கூட அதன் வாசலை மிதித்ததில்லை. எங்கள் வீட்டுப் பக்கத்தில் இருக்கிற அப்படி ஒரு கடைக்குத்தான் இந்த விமர்சனம். கொஞ்சம் பெரிய ஊர் என்றால் உங்கள் பக்கத்திலும் ஒன்று இருக்கும், 'அப்ளையன்ஸ் பார்ட்ஸ்' என்று தேடிப் பாருங்கள்.

எங்களுடையது மின்சார டிரையர், வீட்டோடு வந்தது. பட்டனை அழுத்தினால் டிரம் அழகாகச் சுற்றும், சத்தமெல்லாம் எப்போதும்போல இருக்கும், ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் துணி சில்லென்று ஈரமாகவே கிடக்கும். ஜனவரி மாதத்தில் வெளியே கொடி கட்ட முடியாது, பேஸ்மென்ட்டில் தொங்கவிட்டால் துண்டுகள் நாறிவிடும், அதனால் முதலில் ஒரு ரிப்பேர் கம்பெனியைத்தான் கூப்பிட்டோம். வந்தவர் ஓடவிட்டுப் பார்த்தார், ஹீட்டிங் எலிமென்ட் (சூடாக்குகிற கம்பிச் சுருள்) போய்விட்டது என்றார், புது டிரையர் விலையில் பாதிக்குக் கிட்டத்தட்ட ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார். பின்பக்கத் தகட்டைக் கழற்றவில்லை, மல்டிமீட்டரைப் பையிலிருந்து எடுக்கவும் இல்லை. எதையும் அளந்து பார்க்காமல் ஒரு பாகம் செத்துவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்? எனக்கு அது சரியாகப் படவில்லை. வந்துபோனதற்கான காசைக் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

அதற்கப்புறம்தான் கடை. கவுன்ட்டரில் இருந்தவர் வயதானவர், எலிமென்ட் வேண்டும் என்றதும் எடுத்து நீட்டவில்லை. கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கிற மாடல் எண்ணைக் கேட்டார், கூடவே சில கேள்விகள் கேட்டார், அதற்காகவே நான் இந்தக் கடையைப் பாராட்டுகிறேன். மின்பெட்டியில் டிரையருக்கான பிரேக்கரை முழுசாகக் கீழே தள்ளி மறுபடி மேலே போட்டுப் பார்த்தீர்களா? கெட்டுப்போவதற்கு முன்னால் துணி காய வழக்கத்தைவிட நேரம் எடுத்ததா? டிரையர் ஓடும்போது, அதன் காற்று வெளியேறுகிற குழாயின் வாயில், வெளிச்சுவரில் இருக்கிற மூடி காற்றில் நன்றாகத் தூக்குகிறதா?

பிரேக்கர் கேள்விக்குக் காரணம் உண்டு. இங்கே மின்சார டிரையருக்கு 240 வோல்ட், வழக்கமாக 30 ஆம்பியர் இரட்டை பிரேக்கர். மோட்டார் 120 வோல்ட்டில் ஓடிவிடும், ஹீட்டருக்கு மட்டும்தான் முழு 240 வேண்டும். அந்த 240-ஐச் சேர்ந்து தருகிற இரண்டு 120 வோல்ட் லைனில் ஒன்று போய்விட்டால் டிரம் பாட்டுக்குச் சுற்றும், சூடு வராது, மெஷினில் எந்தக் கோளாறும் இருக்காது. அதனால் யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள், காசு செலவில்லை. எங்கள் வீட்டில் பிரேக்கர் சரியாகத்தான் இருந்தது.

பிளக்கைப் பிடுங்கி, தகட்டைக் கழற்றி, எதை எப்படி அளப்பது என்று கடைக்காரர் ஒரு தாளில் படம் போட்டே கொடுத்தார். (பிளக்கைப் பிடுங்குவது முதல் வேலை, 240 வோல்ட்டோடு விளையாட்டு வேண்டாம்.) அளக்கிற பாகத்தின் ஒரு வயரையாவது கழற்றிவிட்டுத்தான் மீட்டரை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு வழியாகச் சுற்றி வருகிற அளவைக் காட்டி ஏமாற்றிவிடும். நல்ல எலிமென்ட் ஏறக்குறைய 10 ஓம்ஸ் காட்டும். 240 வோல்ட்டில் 5400 வாட் என்றால் கணக்கும் அங்கேதான் வந்து நிற்கிறது. கம்பி அறுந்திருந்தால் மீட்டரில் எண்ணே வராது. எங்கள் எலிமென்ட் 10-ஐ ஒட்டியே காட்டியது, எந்தக் கேடும் இல்லை. சுருளின் எந்த முனையும் உலோகக் கூட்டைத் தொடவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன், ஏனென்றால் தொட்டால் அது வேறு மாதிரியான ஆபத்து, நிறுத்தச் சொன்னாலும் ஹீட்டர் சூடாகிக்கொண்டே இருக்கும்.

செத்துப்போயிருந்தது ஹீட்டர் கூட்டின் மேல் உட்கார்ந்திருக்கிற தெர்மல் கட்-ஆஃப். கட்டைவிரல் அளவுகூட இல்லாத சாமான். சூடு எல்லை மீறினால் ஒரே ஒரு முறை அறுந்துகொள்ளும், பிறகு மாற்றத்தான் வேண்டும். அதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போனேன், கவுன்ட்டரிலேயே மீட்டரை வைத்துக் காட்டினார், அதற்குக் காசு வாங்கவில்லை. பக்கத்திலேயே இருக்கிற ஹை-லிமிட் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்துதான் பாக்கெட்டில் வருகிறது, இரண்டையும் ஒன்றாக மாற்றச் சொன்னார். ஒன்றுதானே போயிருக்கிறது, எதற்கு இரண்டு என்று கேட்டேன். காற்று சரியாகப் போகாத டிரையரில் அந்த தெர்மோஸ்டாட்தான் ஹீட்டரை அணைத்து அணைத்துப் போட்டுக் காப்பாற்றிக்கொண்டிருக்கும், அது தளர்ந்துபோய் நேரத்துக்கு அணைக்காமல் விட்டதும்தான் கட்-ஆஃப் அறுகிறது, பழசை அப்படியே விட்டால் புது கட்-ஆஃபும் சீக்கிரம் போய்விடும் என்றார். இந்த விளக்கம் எந்த ரிப்பேர் ஆளிடமிருந்தும் எனக்கு வந்ததில்லை.

டிரையர் கம்பெனியின் பெயரிலேயே வருகிற பாகம், மற்றவர்கள் செய்கிற பொதுப் பாகம் இரண்டும் வைத்திருந்தார். கம்பெனி பாகத்தின் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான் கம்பெனி பாகத்தையே வாங்கினேன், எல்லை மீறினால் அறுந்து வீட்டைக் காப்பாற்ற வேண்டிய சாமானில் சில டாலர் மிச்சம் பிடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆன்லைனில் இன்னும் மலிவாகக் கிடைக்கும், உண்மைதான், ஆனால் ஆன்லைன் உங்களிடம் வெளிமூடி தூக்குகிறதா என்று கேட்காது.

அந்த மூடிதான் முழு விஷயமும். வெளியே போய்ப் பார்த்தால், குருவி கூடு கட்டாமல் இருக்க வீட்டின் பழைய சொந்தக்காரர்கள் குழாய் வாயில் கம்பி வலை அடித்திருக்கிறார்கள். வலையின் உள்பக்கம் துணிப்பஞ்சு மெத்தை மாதிரி ஒட்டி அடைத்திருந்தது. டிரையர் குழாய் வாயில் வலையே போடக்கூடாது என்பது இங்கே கட்டட விதி, காரணம் இதுதான். வலையைப் பிய்த்து எறிந்துவிட்டு, டிரையருக்குப் பின்னால் நசுங்கிக் கிடந்த வெள்ளை பிளாஸ்டிக் குழாயையும் எடுத்துப்போட்டு, நான்கு அங்குல கெட்டி உலோகக் குழாயாக மாற்றினேன். இணைப்புகளில் ஃபாயில் டேப் ஒட்ட வேண்டும், திருகு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் பஞ்சு அதில் சிக்கிச் சேரும். குழாய் நீளத்துக்கும் கணக்கு இருக்கிறது. பொதுவான குடியிருப்பு விதிப்படி அதிகபட்சம் 35 அடி, ஒவ்வொரு 90 டிகிரி வளைவுக்கும் 5 அடி கழித்துக்கொள்ள வேண்டும். பேஸ்மென்ட்டின் நடுவில் டிரையர் வைத்திருப்பவர்கள் ஒரு தடவை டேப் வைத்து அளந்து பாருங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2008 முதல் 2010 வரையிலான விவரங்களை வைத்து அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் சொன்ன கணக்கு, வீட்டு டிரையர்களால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள். அவற்றுக்கு முதல் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது. கட்-ஆஃப் அறுவது அந்தத் தீக்கு முன்னால் வருகிற எச்சரிக்கை. அதை ஒரு துண்டு வயரால் இணைத்துத் தாண்டிவிடலாம் என்று சில வீடியோக்களில் காட்டுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், 'இன்னைக்கு ஒரு லோடுக்கு மட்டும்' என்றும் செய்யாதீர்கள்.

இப்போது துண்டும் ஜீன்ஸும் சேர்ந்த லோடு ஒரே ஓட்டத்தில் காய்ந்துவிடுகிறது. பஞ்சு வடிகட்டியையும் கடைக்காரர் சொன்னபடி சோதித்தேன், குழாயடியில் பிடித்தால் தண்ணீர் வலையில் தேங்காமல் இறங்க வேண்டும். டிரையரில் துணியோடு வாசனைத் தாள் போடுகிற வீடுகளில் வலை மேல் ஒரு மெழுகுப் படலம் படிந்து தண்ணீர் அப்படியே நிற்கும். பாத்திரம் துலக்குகிற சோப்பும் பழைய டூத்பிரஷ்ஷும் போதும்.

கடையில் குறை இல்லாமல் இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் ஒத்துவராது, சாயங்காலம் ஐந்துக்கே அடைத்துவிடுகிறார்கள், ஞாயிறு லீவு. மின்சாரப் பாகத்தைத் திருப்பி எடுக்க மாட்டார்கள், அதனால் அளந்து உறுதி செய்யாமல் வாங்காதீர்கள். அரிதான மாடல் என்றால் வரவழைத்துத்தான் தருவார்கள், கடைக்குப் போவதற்கு முன் போன் செய்து மாடல் எண்ணைச் சொல்லிவிடுங்கள். அப்புறம், கேஸ் டிரையர் வைத்திருப்பவர்களுக்கு: அங்கே கதை வேறு. கேஸைப் பற்றவைக்கிற இக்னைட்டர் சிவந்து எரிந்தும் தீ பற்றாமல் அணைகிறதென்றால் பெரும்பாலும் கேஸ் வால்வின் காயில்கள்தான் கோளாறு. அந்தப் பாகங்களும் இந்தக் கடையில் இருக்கின்றன, ஆனால் கேஸ் வாடை வந்தாலோ கேஸ் லைனைத் தொட வேண்டியிருந்தாலோ உரிமம் உள்ள ஆளைத்தான் கூப்பிடச் சொல்கிறார்.